சுட்ட கட்டி செத்ததா? – சிகிச்சைக்குப் பின் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம்

(நண்பர்கள் கூட்டத்தில், கதிர்ப்படப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற கூட்டத்தின் முடிவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் கையில் எங்கள் கணக்கு அறிக்கை இருந்தது. கல்லீரல் கட்டிக்குச் சிகிச்சை பெற்ற ஒரே நோயாளிக்கு ஓராண்டில் நான்கு முறை எம்.ஆர்.ஐ. படம் எடுத்ததாக அதில் ஒரு வரி. அதை விரலால் சுட்டிக்காட்டி, "டாக்டர், கட்டியைத்தான் சுட்டு அழித்தாயிற்று என்கிறீர்களே, பிறகு எதற்கு ஒரே ஆளுக்கு நாலு தடவை படம்? அந்தப் பணத்தில் இன்னும் மூன்று பேருக்குப் படம் எடுத்திருக்கலாமே?" என்றார்.

நியாயமான கேள்வி. நேரமாகிவிட்டதால் அன்று "அது தேவைதான் ஐயா" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டேன். அது பதில் அல்ல. வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஐயா அவர்கள் இன்றும் வந்திருக்கிறார்கள். ஆகவே இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் முழுவதையும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே பயன்படுத்திக்கொள்கிறேன்.

வெட்டாமல் அழிக்கும் முறை

முதலில், கட்டியைச் சுடுவது என்றால் என்னவென்று பார்ப்போம். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு 'அப்லேஷன்' என்று பெயர்.

கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் நல்ல ஈரலில் வருவதில்லை. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய கிருமிகளாலோ, பல வருடக் குடியினாலோ, சர்க்கரை வியாதியோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பு ஈரலினாலோ முதலில் ஈரல் தழும்பேறிச் சுருங்குகிறது. அந்தச் சுருங்கிய ஈரலில்தான் பெரும்பாலும் கட்டி முளைக்கிறது. கட்டியோடு ஈரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம் என்றால், மிச்சமிருக்கும் ஈரல் உடலைத் தாங்குமா என்ற அச்சம் வருகிறது. மாற்று ஈரல் பொருத்துவது எல்லோருக்கும் கிட்டுவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு, கட்டி சிறியதாக இருந்தால், கைகொடுப்பது இந்தச் சுடும் முறை.

அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. படத்தைப் பார்த்துக்கொண்டே, விலாவின் இடுக்கு வழியாக மெல்லிய ஊசி ஒன்றைக் கட்டியின் நடுவே செலுத்துகிறோம். ஊசியின் நுனியில் ரேடியோ அலை மின்சாரமோ மைக்ரோவேவ் அலையோ பாய்கிறது. சுற்றியுள்ள திசு சூடேறுகிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிரணுக்களில் உள்ள புரதம், கொதிநீரில் இட்ட முட்டையின் வெண்கரு போல, உடனே இறுகிவிடும். அந்த அணு பிறகு பிழைக்காது. கல்லீரல் கட்டியை ரேடியோ அலையால் இவ்விதம் சுடலாம் என்ற கருத்து 1990 வாக்கில் ஆய்வேடுகளில் வெளிவந்தது. இன்று, 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு இது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். வயிற்றில் தையல் கிடையாது, ஊசி நுழைந்த புள்ளி மட்டுமே இருக்கும்.

இவ்வளவு எளிதாக இருப்பதில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. அறுவை சிகிச்சையில் கட்டி வெளியே வருகிறது. அதை வெட்டி, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கலாம். விளிம்பு முழுவதும் சுத்தமா, எங்காவது புற்றணு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நோய்க்கூறு மருத்துவர் எழுதிக் கொடுப்பார். ஆனால் சுட்ட கட்டி வெளியே வருவதில்லை. வெந்துபோன அந்த உருண்டை ஈரலுக்குள்ளேயே கிடக்கிறது. முழுவதும் செத்ததா, ஓர் ஓரத்தில் உயிர் மிச்சமிருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை.

அந்த நுண்ணோக்கி செய்ய வேண்டிய வேலையைத்தான் இங்கே படம் செய்கிறது. ஐயா, உங்கள் கேள்விக்கு என் பதிலின் பாதி இதுதான். அந்தப் படம் சிகிச்சை முடிந்த பிறகு வரும் கூடுதல் செலவு அல்ல. படம் பார்க்கும்வரை சிகிச்சை முடிந்ததா என்பதே எங்களுக்குத் தெரியாது.

வாய்க்கால் ஓரத்துப் புல்

கிராமத்திலிருந்து வந்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வீர்கள். அறுவடை முடிந்த வயலில் தாளைக் கொளுத்தினால் நடுவில் எல்லாம் கருகிவிடும். ஆனால் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்றுப் புல் பச்சையாக நிற்கும். ஈரம் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஈரலிலும் அப்படியே. ஈரல் முழுவதும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள குழாய் ஒன்று கட்டியை ஒட்டி ஓடினால், அதில் பாயும் இரத்தம் சூட்டைத் தணித்துவிடும். அந்தப் பக்கத்துப் புற்றணுக்கள் வேகாமல் தப்பிவிடக்கூடும். மைக்ரோவேவ் முறையில் இந்தத் தொல்லை குறைவு; அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இதனால்தான் கட்டியை மட்டும் சுடாமல், அதைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட முயல்கிறோம். வேலி ஓரத்தையும் சேர்த்துக் களை எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தம் எப்படிப் பார்க்கிறது?

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அது பெரிய காந்தம். வழக்கமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா கருவியின் வலிமை, பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு சிறு காந்த ஊசிகளைப்போல் நடந்துகொள்கின்றன. பெரிய காந்தத்துக்குள் அவற்றில் ஒரு சிறு பங்கு கூடுதலாக ஒரே திசையில் அணிவகுக்கின்றன. ரேடியோ அலை ஒன்றை அனுப்பி அவற்றைச் சற்றே அசைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் மெல்லிய சமிக்ஞையைக் கருவி கேட்டுப் படமாக்குகிறது. இதைப் படமாக்கும் வழியை 1973-இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் பால் லாட்டர்பர். இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டோடு அவருக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ.யின் சிறப்பு என்னவென்றால், அது ஒரே இடத்தைப் பல விதமாகக் கேள்வி கேட்கும். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாமல், நான்கு சாட்சிகளை வரிசையாக விசாரிப்பது போன்றது இது.

முதல் சாட்சி, 'டி1' எனப்படும் படம். வெந்து இறுகிய திசுவும் அதில் கலந்த இரத்தமும் இதில் பெரும்பாலும் வெள்ளையாகத் தெரியும்.

இரண்டாவது, 'டி2' படம். நீர்ச்சத்து வற்றி இறுகிய இடம் இதில் கறுத்துத் தெரியும். உயிருள்ள புற்றுக்கட்டி பொதுவாகச் சற்றே வெளுத்துத் தெரியும். கறுத்த வட்டத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முடிச்சு தெரிந்தால் எங்கள் கண் அங்கே நின்றுவிடும்.

மூன்றாவது சாட்சி, கையில் ஏற்றும் மருந்து. இதுவே தலைமைச் சாட்சி. காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்திவிட்டு, அடுத்தடுத்துப் படம் எடுக்கிறோம். ஈரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. ஈரலில் தோன்றும் புற்றுக்கட்டியோ தன் தீனியைப் பெரும்பாலும் தமனியிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. ஆகவே மருந்து தமனி வழியாக முதலில் வந்து சேரும் அரை நிமிடத்துக்குள், சுற்றியுள்ள ஈரல் மங்கலாக இருக்கும்போதே கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிரும். ஒரு நிமிடம் கழிந்து ஈரல் முழுவதும் ஒளிரும்போது, கட்டி மங்கிவிடும். உயிருள்ள கட்டியின் கையெழுத்து என்று இதைச் சொல்லலாம். செத்த இடத்துக்கு இரத்தம் போகாது. ஆகவே மருந்தும் போகாது. எத்தனை படம் எடுத்தாலும் அது ஒளிராமல் கிடக்கும்.

இங்கே ஒரு தந்திரம் தேவைப்படுகிறது. வெந்த இடம் டி1 படத்தில் முன்பே வெள்ளையாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? மருந்து ஏறியதால் வந்த வெள்ளையா, ஏற்கெனவே இருந்த வெள்ளையா என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே மருந்துக்குப் பின் எடுத்த படத்திலிருந்து, மருந்துக்கு முன் எடுத்த படத்தைக் கணினி கழித்துக் கொடுக்கிறது. மிச்சம் நிற்பது மருந்து போன இடம் மட்டுமே. நோயாளி இரண்டு முறையும் ஒரே மாதிரி மூச்சை நிறுத்தியிருந்தால்தான் இந்தக் கழித்தல் கணக்கு சரிவரும்.

நான்காவது சாட்சி, திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும் படம். புற்றணுக்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் இடத்தில் நீர் நகர இடமில்லாமல் தவிக்கும். ஆனால் புதிதாக வெந்த திசுவும் சில சமயம் அதே மாதிரி காட்டுவதுண்டு. ஆகவே இந்தச் சாட்சி சொல்வதை மற்ற மூன்றோடும் ஒத்துப்பார்த்தே ஏற்றுக்கொள்கிறோம்.

பெருங்குடல் புற்றிலிருந்து ஈரலுக்குப் பரவிய கட்டிகளையும் இவ்வாறு சுடுவதுண்டு. அவை ஒளிரும் விதம் வேறு. விசாரணை முறை இதுவேதான்.

பயப்படுத்தும் படமும் பயப்பட வேண்டிய படமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண், தன் தாயாரின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு என் அறைக்கு வந்தார். அறிக்கையில் அளவை மட்டும் படித்திருக்கிறார். "டாக்டர், முன்னாடி ரெண்டரை சென்டிமீட்டர்னு எழுதியிருந்தீங்க. இப்ப நாலரைன்னு போட்டிருக்கு. சுட்டதுக்கு அப்புறம் கட்டி பெரிசாயிடுச்சே!" என்று விம்மினார்.

நான் அவரை உட்கார வைத்துச் சொன்னேன்: "அம்மா, அந்த நாலரை கட்டியோட அளவு இல்லை. நாங்க சுட்ட இடத்தோட அளவு. சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட்டோம். அதனால கட்டியைவிடப் பெரிசாத்தான் இருக்கணும். சின்னதா இருந்தாத்தான் நான் கவலைப்படணும்." அதன் பிறகே அவருக்கு மூச்சு வந்தது. சுட்ட இடம் மாதங்கள் செல்லச் செல்லச் சுருங்கித் தழும்பாகும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆகவே, இந்தச் சிகிச்சையில் அளவை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

அதேபோல், சுட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய, சீரான ஒளிவளையம் ஒன்று முதல் சில மாதங்கள் தெரியலாம். தீப்பட்ட தோலைச் சுற்றிச் சிவந்திருப்பதைப் போன்றதே அது. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். நாங்கள் அஞ்சுவது அந்த வளையத்துக்கு அல்ல. வளையத்தின் ஓரிடத்தில் மட்டும் தடிப்பு, முடிச்சு, பிறை போன்ற ஒளிர்வு, அதுவும் முந்தைய படத்தில் இல்லாமல் புதிதாக வந்திருந்தால், அதற்கே அஞ்சுகிறோம்.

"முந்தைய படத்தில் இல்லாமல்" என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒரு படம் தனியாக நின்று பேசுவது கொஞ்சம். பழைய படத்தின் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது வாய் திறக்கிறது. நான்கு முறை படம் எடுப்பதன் பொருள் இதில் அடங்கியிருக்கிறது.

தேதிகளுக்குக் காரணம் உண்டு

முதல் படத்தை ஏறத்தாழ ஒரு மாதத்தில் எடுக்கிறோம். மறுநாளே எடுத்தால் வீக்கமும் இரத்தக் கசிவும் கண்ணை ஏமாற்றும். நெடுநாள் தள்ளினால், மிச்சமிருக்கும் புற்று வளர்ந்துவிடும். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முதல் இரண்டு ஆண்டுகள் இப்படிப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம். ஒன்று, நான்கு, ஏழு, பத்து என்று மாதக் கணக்குப் பார்த்தால், முதலாண்டில் நான்கு படம் ஆகிறது. ஐயா அவர்கள் அறிக்கையில் கண்ட நான்கு அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் சுட்டது ஒரு கட்டியைத்தான். அந்தக் கட்டியை முளைக்கவைத்த தழும்பேறிய ஈரல் அப்படியே இருக்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் ஈரலில் எங்காவது நோய் மறுபடி தலைகாட்டுகிறது. பெரும்பாலும் அது சுட்ட இடத்தில் வருவதில்லை. வேறோர் இடத்தில் புதிதாக முளைக்கிறது. சிறியதாக இருக்கும்போதே கண்டுவிட்டால் அதையும் சுடலாம். கைக்கு மீறி வளர்ந்த பிறகு கண்டால், சுடும் வழி அடைந்துபோகும்.

இருவரின் கதை

இதைப் புள்ளிவிவரமாகச் சொன்னால் மனதில் நிற்காது. இருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களைச் சொல்லமாட்டேன்.

முதலாமவர் நெசவு வேலை செய்பவர். வயது 58. ஈரலின் வலப்பக்கத்தில் 2.8 சென்டிமீட்டர் கட்டி. பெரிய சிரை ஒன்றை ஒட்டியிருந்தது. சுட்ட அன்று படம் பார்த்தபோது எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரு மாதம் கழித்து வந்தார். எம்.ஆர்.ஐ.யில், அந்தச் சிரையின் பக்கமாக நகக்கண் அளவில் ஒரு பிறை ஒளிர்ந்தது. தமனி நேரத்தில் பளிச்சென்று வந்து, பிறகு மங்கியது. டி2 படத்திலும் அதே இடம் வெளுத்திருந்தது. வாய்க்கால் ஓரத்துப் புல் அது. மறு வாரமே அந்த இடத்தை மட்டும் மீண்டும் சுட்டோம். அதற்கடுத்த படத்தில் அது அணைந்திருந்தது. இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு தடவையும் வந்து, "என் வயல்ல களை இருக்கான்னு பாருங்க டாக்டர்" என்று சிரித்தபடியே படுக்கிறார். இன்றளவும் தறி ஓட்டுகிறார்.

இரண்டாமவரைப் பற்றிச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. அவர் கட்டடக் கூலித் தொழிலாளி. வயது 51. கட்டியும் சிறியது, சுட்டதும் நன்றாகவே அமைந்தது. இரண்டு நாள் லேசான காய்ச்சல் இருந்து, சரியாகி வீட்டுக்குப் போனார். ஒரு மாதத்துப் படத்துக்கு வந்தார். சுத்தமாக இருந்தது. நானே "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அவர் வரவில்லை. அதற்கடுத்த தேதிக்கும் வரவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, வயிறு உப்பி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் சுட்ட இடம் சுருங்கி நல்ல தழும்பாகவே இருந்தது. ஆனால் ஈரலின் மறுபக்கத்தில் புதிதாக ஒரு கட்டி வளர்ந்து, போர்ட்டல் சிரைக்குள் இறங்கியிருந்தது. அந்த நிலையில் ஊசியால் சுடுவதில் பயனில்லை. மருந்து கொடுத்தோம். எட்டு மாதத்தில் காலமானார்.

"ஏன் ஐயா வரவில்லை?" என்று அன்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை மறக்க முடியாது. "உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். நீங்களும் நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. படத்துக்கு வர்றதுன்னா ரெண்டு நாள் கூலி போயிடும், பஸ் செலவு வேற. படம் எடுக்கிறதும் வைத்தியந்தான்னு யாரும் சொல்லலீங்களே" என்றார்.

யாரும் சொல்லவில்லை. உண்மை அது. தேதியைச் சீட்டில் எழுதினோமே தவிர, ஏன் அந்தத் தேதி என்று அவருக்கு நாங்கள் விளக்கவில்லை. "நன்றாயிருக்கிறது" என்று நான் சொன்னது "இன்றைக்கு நன்றாயிருக்கிறது" என்ற பொருளில். அவர் கேட்டுக்கொண்டது "முடிந்துவிட்டது" என்று. அந்த இரண்டு பொருளுக்கும் இடையே இருந்த தூரத்தில் ஓர் உயிர் நழுவிவிட்டது. ஒழுங்காக வந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் அந்தக் கட்டியைச் சிறியதாக இருக்கும்போது பார்க்கும் வாய்ப்பு இருந்தது. அதை இழந்தோம்.

அதன் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டவை சிறிய காரியங்கள்தான். ஊசி போடுவதற்கு முன்பே, படம் எடுப்பதும் சிகிச்சையின் பாதி என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்கிறோம். அவர்களுடைய படத்தைத் திரையில் காட்டி, செத்த இடம் எது, நாங்கள் தேடுவது எது என்று விளக்குகிறோம். தேதிக்கு ஒரு வாரம் முன் தொலைபேசியில் அழைக்கிறோம். வராவிட்டால் மறுபடி அழைக்கிறோம். முடிந்தவரை இரத்தப் பரிசோதனை, படம், மருத்துவர் ஆலோசனை மூன்றையும் ஒரே நாளில் முடித்துக் கொடுக்கிறோம். இரண்டு நாள் கூலி ஒரு நாளாகக் குறைந்தால், அடுத்த முறை வரும் மனம் அவர்களுக்கு இருக்கும்.

படுக்கையில் ஏறுமுன்

உங்கள் உறவினர் யாருக்காவது இந்தப் படம் எடுக்க வேண்டியிருந்தால் பயன்படும் என்பதால் சில வார்த்தை.

காந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னால் பெண்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கை இழுக்கும். உலோகம் எதுவானாலும் படத்தைக் கலைக்கும், சில சமயம் சூடேறும். ஆகவே கழற்றி வீட்டாரின் கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு வரலாம். அரைஞாண், தாயத்து, மெட்டி ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், உடலில் எங்காவது உலோகத் தகடு இருந்தால் மறைக்காமல் முன்பே சொல்ல வேண்டும். எல்லாமே தடையல்ல, ஆனால் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் காடோலினியம் மருந்து தோலையும் உறுப்புகளையும் இறுக்கும் ஓர் அரிய நோயைத் தரக்கூடும் என்று 2006-இல் தெரியவந்தது. இன்று அந்த ஆபத்து மிகக் குறைந்த மருந்து வகைகள் உள்ளன. எனினும் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்த பிறகே மருந்தைத் தீர்மானிக்கிறோம்.

கருவிக்குள் தடதடவென்று சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவோம். "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று குரல் வரும். ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 விநாடி நிறுத்த வேண்டும். ஈரல் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் அசைவதால், நோயாளியின் ஒத்துழைப்பு இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் நல்ல படம் எடுக்க முடியாது. முதல் நாளே வீட்டில் பழகி வந்தால் நல்லது. எங்கள் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், பாட்டிமார்களை வராந்தாவில் உட்காரவைத்து, தானும் அவர்களோடு மூச்சை நிறுத்திப் பயிற்சி கொடுப்பார். அந்தப் பத்து நிமிடம், பாழாகும் பல படங்களைக் காப்பாற்றுகிறது.

எல்லாம் தெரிந்த கருவி அல்ல

எம்.ஆர்.ஐ.யை நான் பெரிதாகப் பேசிவிட்டுக் குறையை மறைத்தால் அது நேர்மையாகாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் மிச்சமிருக்கும் அணுக்களை எந்தப் படமும் காட்டாது. அதனால்தான் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம். வயிற்றில் நீர் தேங்கியவர்களுக்கும் மூச்சு நிறுத்த முடியாதவர்களுக்கும் படம் கலங்கிவிடும். அவர்களுக்கு மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் நல்ல மாற்று. பல மருத்துவமனைகளில் முதலில் அதையே பயன்படுத்துகிறார்கள், அதில் தவறில்லை. அது விரைவானது, செலவும் குறைவு. ஆனால் சிறிய மிச்சத்தையும் சிறிய புதுக் கட்டியையும் பிரித்துக் காண்பதில் எம்.ஆர்.ஐ.க்குக் கூர்மை அதிகம். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியவருக்குக் கதிர்வீச்சு இல்லாதிருப்பதும் ஒரு நன்மை.

ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் துணைக்கு உண்டு. சிகிச்சைக்கு முன் அது உயர்ந்திருந்து, பின் இறங்கி, மறுபடி ஏறினால் அது எச்சரிக்கை மணி. ஆனால் கட்டி இருந்தும் இது உயராதவர்கள் பலர். ஆகவே இரத்தத்தை மட்டும் நம்பிப் படத்தை விட்டுவிட முடியாது.

முடிவாக

தலைமையாசிரியர் ஐயா, நீங்கள் கேட்டீர்கள்: அந்தப் பணத்தில் இன்னும் மூன்று பேருக்குப் படம் எடுத்திருக்கலாமே என்று. உங்கள் பள்ளி வழியாகவே ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, புரிந்ததா என்று ஒரு தடவையும் கேட்காமல் அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால், நான்கு பேருக்குப் பாடம் நடத்தினோம் என்று ஏட்டில் எழுதலாம். நான்கு பேரும் படித்தார்களா என்பது தெரியாது. நீங்கள் அப்படிச் செய்திருக்கமாட்டீர்கள். உங்களிடம் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

மற்றவர்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் தெருவிலோ, உறவிலோ, வேலைக்கு வருபவர்களிடையோ, ஈரல் கட்டிக்கு ஊசி வைத்துச் சுட்டுக்கொண்டவர் யாராவது இருக்கலாம். அவர் நன்றாக நடமாடுவதைப் பார்த்து "குணமாகிவிட்டதே" என்று மகிழுங்கள். மகிழ்ந்துவிட்டு, "அடுத்த படம் எப்போது?" என்றும் கேளுங்கள். தேதி தெரியவில்லை என்றால், சீட்டைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கூலி போகுமே என்று தயங்கினால், அந்த ஒரு நாளுக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசியுங்கள்.

அந்தக் கட்டடத் தொழிலாளியிடம் அப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறோம்.